உங்களுக்குத் தெரியுமா? யாட்டின் இன்ஜினுக்கு எந்த வழி?

பழைய மோட்டார் யாட் வாங்கப் போகிறவர் தேக்கு வேலைப்பாட்டையும் படுக்கையறைகளையும் பார்த்து மயங்கி நிற்பார். கூடப் போன மெக்கானிக் அதற்குள் தரையில் மண்டியிட்டு, எந்தப் பலகை தூக்க வருகிறது என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். இருவரில் மெக்கானிக்கின் பார்வைதான் சரி. கை எட்டுகிற இன்ஜின்தான் ஒழுங்காகக் கவனிக்கப்படும். பல பத்தாண்டுகள் தாண்டியும் இன்றும் கடலில் ஓடும் யாட்டுகளைப் பார்த்தால், உள்ளே போக ஒரு நல்ல கதவோ அகலமான மூடியோ பெரும்பாலும் இருக்கும்.

● 40 முதல் 60 அடி வரையுள்ள பழைய யாட்டுகளில் இன்ஜின் வைக்க மூன்றே இடங்கள்தான் உண்டு என்று சொல்லிவிடலாம். வரவேற்பறைத் தரைக்கு அடியில் வைக்கலாம், கீழ்த்தளத்தில் கதவு போட்ட தனி அறையில் வைக்கலாம், பின்கோடிக்குத் தள்ளலாம். முதலாவதில் இடம் மிச்சம், ஆனால் சத்தம் காலடியிலேயே. இரண்டாவதில் ஆள் நடந்து உள்ளே போகலாம், ஆனால் ஒரு படுக்கையறை அளவு இடம் போய்விடும். மூன்றாவதில் நடுப்பகுதி முழுக்கக் குடும்பத்துக்கு. மெக்கானிக்கின் முதுகுதான் பாவம்.

● கிராண்ட் பேங்க்ஸ் படகுகளைக் கட்டிய அமெரிக்கன் மரைன் நிறுவனம் தொழில் தொடங்கியது ஹாங்காங்கில். பிறகு சிங்கப்பூருக்கும் போனது. 1973இல் மரத்தை விட்டு ஃபைபர் கிளாஸுக்கு மாறியது. அதன் 42 அடி மாடலில் இரண்டு இன்ஜின்களும் வரவேற்பறைக்கு நேர் கீழே. காலையில் ஆயில் பார்க்க வேண்டுமா? விரிப்பைச் சுருட்டி, நாற்காலிகளை ஒதுக்கி, தரையில் பதித்த வளையத்தை நிமிர்த்தி, கனத்த தேக்கு மூடியைத் தூக்க வேண்டும். இறங்கினால் நிமிர்ந்து நிற்க முடியாது. இரண்டு இன்ஜின்களுக்கு நடுவே குந்திக்கொண்டுதான் வேலை. படகு ஓடும்போது திறந்தால் வரவேற்பறை நடுவே ஒரு பள்ளம். யாரும் அதில் கால் வைத்துவிடாமல் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருக்கும். இருந்தாலும் இந்த அமைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். துறைமுகத்தில் நிற்கும்போது எல்லா மூடிகளையும் எடுத்துவிட்டால், ஜன்னல் வெளிச்சத்திலேயே முழு இன்ஜினும் மேலிருந்து தெரியும். கதவு போட்ட பல இன்ஜின் அறைகளில் இந்த வசதி கிடைக்காது.

● அந்தப் படகுகளில் நிறைய இருந்தது ஃபோர்டு லேமன் 120 குதிரைத்திறன் டீசல். இங்கிலாந்து ஃபோர்டின் இன்ஜினை அமெரிக்காவின் லேமன் நிறுவனம் கடலுக்கேற்ப மாற்றி விற்றது. அதன் டீசல் பம்புக்கென்று தனி ஆயில் உண்டு. 50 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். பம்ப் இன்ஜினின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கிறது. இரட்டை இன்ஜின் படகில் இரண்டும் ஒரே மாதிரியானவை என்பதால், ஓர் இன்ஜினின் பம்ப் நடுப்பக்கம் பார்த்து வசதியாக இருக்கும். மற்றதன் பம்ப் படகின் சுவரைப் பார்த்து மறைந்திருக்கும். சூடான இன்ஜின்மேல் படுத்து, கண்ணுக்குத் தெரியாத போல்ட்டைக் கையாலேயே தேடிக் கழற்ற வேண்டும். பழைய படகு பார்க்கப் போனால் இரண்டு பம்புகளின் ஆயிலையும் எடுத்துப் பாருங்கள். கறுத்திருப்பது எந்தப் பக்கத்தது என்று நீங்களே ஊகிக்கலாம்.

● இந்தச் சிக்கலுக்கு ஜெனரல் மோட்டார்ஸின் டெட்ராய்ட் டீசலிடம் அருமையான விடை இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1938இல் கொண்டுவந்த 71 வரிசை இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின்களில் ஒவ்வொரு சிலிண்டரும் 71 கன அங்குலம். அதன் பிளாக் இரு பக்கமும் ஒத்த அமைப்புடையது. அதனால் இடமாகச் சுழலும் இன்ஜினாகவும் கட்டலாம், வலமாகச் சுழலும் இன்ஜினாகவும் கட்டலாம். காற்றூதி, புகைக்குழாய் போன்றவற்றை எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் மாட்டலாம். ஆகவே இரட்டை இன்ஜின் யாட்டுக்கு ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போல ஒரு ஜோடியை வாங்க முடிந்தது. ஃபில்டர், ஆயில் அளவுகோல் என்று அடிக்கடி கைபட வேண்டியதெல்லாம் நடு நடைவழியைப் பார்த்தபடி அமையும். புரொப்பல்லர்களும் எதிரெதிராகச் சுழல்வதால் படகு ஒரு பக்கமாக இழுக்காது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களைக் கரை சேர்த்த ஹிக்கின்ஸ் படகுகள் பலவற்றில் ஓடியதும் இந்தக் குடும்பத்து ஆறு சிலிண்டர் 6-71தான்.

● ஹேட்டரஸ் யாட்டுகள் பிறந்த ஊரில் கடலே இல்லை! அமெரிக்காவின் வட கரோலினாவில், கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே, மரச்சாமான் தொழிலுக்குப் பேர்போன ஹை பாயிண்ட். வில்லிஸ் ஸ்லேன் 1959இல் அங்கே நிறுவனத்தைத் தொடங்கினார். ஜாக் ஹார்கிரேவ் வரைந்து கொடுத்த முதல் 41 அடி ஃபைபர் கிளாஸ் படகு 1960இல் தண்ணீரைத் தொட்டது.

● அதே ஹார்கிரேவ் வரைந்த ஹேட்டரஸ் 53 மோட்டார் யாட்தான், இந்த அளவுப் படகுகளில் இன்ஜின் அறைக்குச் சிறந்த உதாரணம் என்பேன். 1969 முதல் 1988 வரை கட்டினார்கள். ஏறக்குறைய இருபது ஆண்டு ஒரு மாடல் நின்று விற்பது சாதாரணமல்ல. கீழ்த்தளத்தின் நடுவே ஒரு நடைவழி. அதன் இரு பக்கமும் ஒவ்வோர் இன்ஜின் அறை, தனித்தனிக் கதவுடன். விரிப்பைச் சுருட்ட வேண்டாம், தரையைத் தூக்க வேண்டாம். இரவு இரண்டு மணிக்கு ஏதோ சத்தம் மாறியதுபோல் தோன்றினால், மேலே யாரையும் எழுப்பாமல் டார்ச்சோடு உள்ளே போய் வரலாம். ஓர் அறையில் நீர்க்குழாய் வெடித்தாலும் மற்ற இன்ஜினுக்குச் சேதமில்லை. குறையும் உண்டு. நீண்ட நேரம் ஓடிய பிறகு நடைவழிச் சுவர் இரு பக்கமும் சூடேறிக் கிடக்கும். இரண்டு இன்ஜினையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாது. இங்கே பார்த்துவிட்டு அங்கே போக வேண்டும். அதே நிறுவனத்தின் 43 அடி டபுள் கேபினில் இன்ஜின்கள் மறுபடியும் வரவேற்பறைத் தரைக்கு அடியில்தான். பத்தடி குறைந்தால் முதலில் பறிபோவது மெக்கானிக்கின் கதவு.

● கதவு இருக்கிறது என்பதற்காக ஏமாந்துவிடக் கூடாது. டீசல் தொட்டிகளைப் படகின் இரு ஓரங்களிலும் வைத்த யாட்டுகளில், இன்ஜினுக்கும் தொட்டிக்கும் இடையே ஓர் ஆள் நுழைய இடமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே நுழைந்து, வெளிப்பக்கத்துக் கடல்நீர் பம்பை உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள். அதற்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்தால் இன்ஜின் சூடேறி நின்றுவிடும். அலையில் ஆடும் படகில் அதைக் கழற்றி மாட்டுவது உங்களால் ஆகுமா? இந்த ஒரு சோதனை போதும், படகைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

● 1960களின் கிறிஸ் கிராஃப்ட் கான்ஸ்டலேஷன் போன்ற மர யாட்டுகளில் பெட்ரோல் இன்ஜின்களே அதிகம். நம் வீட்டு சமையல் காஸ் கசிந்தால் தரையோடு தங்குவதுபோலவே பெட்ரோல் ஆவியும் காற்றைவிடக் கனமானது. படகின் அடிக்குழியில் போய்த் தேங்கும். சாவியைத் திருப்பும்போது ஒரு பொறி போதும். அதனால்தான் இன்ஜினைக் கிளப்புமுன் ஊதுவிசிறியை 4 நிமிடம் ஓட விட்டு, மூடியைத் திறந்து மோந்து பார்க்கச் சொல்லும் எச்சரிக்கையை அமெரிக்காவில் பெட்ரோல் படகுகளில் ஒட்டியிருக்கிறார்கள். மூடியைத் தூக்கச் சோம்பல்பட வைக்கும் அமைப்பு இங்கே உயிருக்கே உலை.

● 1920களின் யாட்டில் இன்ஜின் அறை ஒரு மனிதரின் பணியிடம். வெஸ்ட்வார்டு என்ற 86 அடி மர யாட் 1924இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கட்டப்பட்டது. வரைந்தவர் டெட் கியரி. அதில் இருந்தது அட்லஸ் இம்பீரியல் டீசல், நான்கே சிலிண்டர், நிதானமான ஓட்டம். அந்த வகைப் பெரிய டீசல்களுக்குப் பின்னோக்கிப் போக கியர் கிடையாது. இன்ஜினை நிறுத்தி, கேம் ஷாஃப்டை நகர்த்தி, அழுத்தக் காற்றால் எதிர்த்திசையில் மறுபடி கிளப்ப வேண்டும். மேலே சுக்கானைப் பிடித்திருப்பவர் மணி அடித்தோ டெலிகிராஃப் முள்ளைத் திருப்பியோ ஆணை தருவார்; கீழே இருப்பவர் செய்து முடிப்பார். துறையில் அணையும்போது காற்றுத் தொட்டி காலியாகிவிட்டால் படகை நிறுத்த வழியில்லை. போதாக்குறைக்கு, வெளியே தெரியும் வால்வு நெம்புகோல்களுக்குக் கை எண்ணெய்க் குப்பியால் அவ்வப்போது எண்ணெய் விட வேண்டும். ஆகையால் நிமிர்ந்து நிற்கும் உயரமும் சுற்றி நடக்க இடமும் அன்று ஆடம்பரமல்ல. அவை இல்லாவிட்டால் படகே ஓடாது. பிறகு சுக்கானுக்குப் பக்கத்திலேயே நெம்புகோல் வந்தது. கீழே ஆள் தேவையில்லாமல் போனார். இன்ஜின் அறையின் கூரையும் மளமளவென்று தாழ்ந்தது.

● எழுத்தாளர் ஹெமிங்வே 1934இல் புரூக்ளினின் வீலர் பட்டறையில் வாங்கிய 38 அடி பிலார் படகில் இரண்டு இன்ஜின்கள், ஆனால் ஜோடி அல்ல. பயணத்துக்கு 75 குதிரைத்திறன் கிரைஸ்லர். மெதுவாகத் தூண்டில் இழுத்துப் போக 40 குதிரைத்திறன் லைக்கமிங். ஒன்று நின்றாலும் மற்றொன்று கரை சேர்க்கும். படகு இப்போது ஹவானா அருகே அவர் வாழ்ந்த வீட்டில் நிற்கிறது.

● 1960 மயாமி–நசாவ் படகுப் பந்தயத்தில் மாப்பி என்ற படகு வென்றதும் அதன் அச்சில் பெர்ட்ராம் 31 பிறந்தது. இன்ஜின்கள் பின்தளத்தில் இரு பெட்டிகளுக்குள், பெட்டிமேலேயே உட்காரலாம். மூடியைத் தூக்கினால் திறந்த வானத்தின் கீழே நின்றபடி வேலை. இது யாட் அல்ல, மீன்பிடிப் படகு என்பார்கள். இன்ஜினை எட்டும் வசதியில் பல யாட்டுகள் இதனிடம் பாடம் படிக்கலாம்.

● இன்ஜினைப் பின்கோடியில் திருப்பி வைத்து, அதன் கியரிலிருந்து ஷாஃப்டை மடக்கி மறுபடி பின்னால் அனுப்பும் அமைப்புக்கு வி-டிரைவ் என்று பெயர். படுக்கையறைக்கு இடம் தாராளம். ஆனால் ஷாஃப்ட் வெளியேறும் இடத்தில் கடல்நீரைத் தடுக்கும் ஸ்டஃபிங் பாக்ஸ் இன்ஜினுக்கே அடியில் போய்விடும். பழைய வகை ஸ்டஃபிங் பாக்ஸ், ஷாஃப்ட் சுழலும்போது சொட்டுச் சொட்டாக நீர் விட வேண்டும். சொட்டு நின்றாலும் தப்பு, ஓடையானாலும் தப்பு. அதைக் கண்ணால் பார்க்க முடியாத படகை நான் யாருக்கும் வாங்கச் சொல்ல மாட்டேன்.

● டெட்ராய்ட் டீசல் சில நேரம் கட்டுக்கடங்காமல் வேகமெடுத்துவிடும். டீசலைக் கட்டுப்படுத்தும் தண்டு சிக்கிக்கொண்டால் சாவியைத் திருப்பியும் நிற்காது. காற்றை அடைப்பதே வழி. அதற்கென்று காற்று நுழைவாயிலில் ஒரு தகட்டு மூடி உண்டு. சுக்கானிலிருந்து அதை இழுக்கும் கம்பி துருப்பிடித்திருந்தால், யாராவது உள்ளே ஓடிக் கையாலேயே தட்ட வேண்டும். அலறும் இன்ஜினுக்குப் பக்கத்தில் போய் வர எத்தனை நொடி ஆகும் என்பதை, கதவா தரைமூடியா என்பதே தீர்மானிக்கும்.

● அதே 71 வரிசையின் பிளாக் பக்கவாட்டில் சிறு மூடிகள் இருக்கின்றன. கழற்றி டார்ச் அடித்தால் சிலிண்டர்த் துளைகள் வழியே பிஸ்டன் ரிங்குகளே தெரியும். இன்ஜினைப் பிரிக்காமலேயே அதன் ஆரோக்கியத்தை மதிப்பிட இதைவிட நேரான வழி இல்லை. ரிங் போயிருந்தாலும் பயமில்லை. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, பிஸ்டனையும் லைனரையும் படகுக்குள்ளேயே மாற்றலாம். இந்த இரண்டு வேலைக்கும் இன்ஜின் பக்கத்தில் ஆள் உட்கார இடம் வேண்டும், அவ்வளவுதான்.

● சரி, இன்ஜினையே வெளியே எடுக்க நேர்ந்தால்? 6-71 ஒன்றே ஏறத்தாழ ஒரு டன். வரவேற்பறைத் தரையைப் பெயர்த்து, சங்கிலிக் கப்பியில் தூக்கி, கதவு வழியாக வெளியேற்றுவார்கள். கதவு பத்தாத ஃபைபர் கிளாஸ் படகில் பக்கவாட்டுச் சுவரையே அறுத்து, வேலை முடிந்ததும் மறுபடி ஒட்டிப் பூசுவதும் உண்டு. எஃகு யாட்டுகள் சிலவற்றில் கட்டும்போதே இன்ஜினுக்கு நேர் மேலே தளத்தகட்டைப் பற்றவைக்காமல் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். போல்ட்டுகளைக் கழற்றினால் கிரேன் இன்ஜினை நேராக மேலே தூக்கிவிடும்.