வழங்கியில் ஏறாத செயலி

சொந்தக் கணினியில் ஒழுங்காக ஓடிய இணையச் செயலி, வழங்கியில் ஏற்றியதும் எழும்பாமல் படுத்துவிடுவது இத்துறையில் இருப்பவர்களுக்குப் பழகிப்போன சங்கதி. பழகாதவர்களும் பலர் இருக்கிறார்கள். வெளிநாட்டில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கோ கோயிலுக்கோ சிறு நூலகத்துக்கோ செயலி எழுதி, பகல் வேலை முடிந்தபின் இரவில் உட்கார்ந்து அதை வழங்கியில் ஏற்றும் தொண்டர்களைச் சொல்கிறேன். கேட்டுத் தெளிய அவர்களுக்குப் பின்னால் அலுவலகம் ஏதும் கிடையாது. இக்கட்டுரை முக்கியமாக அவர்களுக்கு.

செயலி எழும்பவில்லை என்றதும் கை தானாகச் செய்வது இரண்டு காரியங்கள். வழங்கியை மறுபடி இயக்குவது ஒன்று. பழைய பதிப்பைத் திரும்பப் போடுவது மற்றொன்று. இரண்டும் சில சமயம் பலிக்கும். காரணம் தெரியாமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நடந்த நிகழ்ச்சியைப் பார்க்கலாம்.

'நைட் கேப்பிடல்' என்ற பங்கு வணிக நிறுவனம், பங்குச் சந்தைக்கு ஆணைகளை அனுப்பும் தன் மென்பொருளின் புதிய பதிப்பை எட்டு வழங்கிகளில் ஏற்ற வேண்டியிருந்தது. இது இணையச் செயலி அல்ல. ஆனாலும் ஏற்றும் வேலை ஒன்றுதான். ஏழில் ஏறியது, எட்டாவது விட்டுப்போயிற்று. அந்த எட்டாவதில் 2003லேயே கைவிடப்பட்ட 'பவர் பெக்' என்ற பழைய நிரல்பகுதி நீக்கப்படாமல் கிடந்தது. அதை இயக்கும் அதே குறியைத்தான் புதிய பதிப்பும் வேறொரு வேலைக்காகப் பயன்படுத்தியது. சந்தை திறந்ததும் எட்டாவது வழங்கி கட்டுக்கடங்காமல் ஆணைகளை அனுப்பத் தொடங்கியது. பதறிப்போனவர்கள் புதிய பதிப்பில்தான் கோளாறு என்று எண்ணி, சரியாக ஓடிக்கொண்டிருந்த மற்ற ஏழு வழங்கிகளிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். அந்த ஏழும் எட்டாவதைப் போலவே ஆயின. சுமார் 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் நட்டம்.

இதில் என்னைக் கவர்ந்தது நட்டத் தொகை அல்ல. சந்தை திறப்பதற்கு முன்பே அந்த மென்பொருள், 'பவர் பெக்' பெயரைக் குறிப்பிட்டே, 97 மின்னஞ்சல்களை ஊழியர்களுக்கு அனுப்பியிருந்தது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2013ல் வெளியிட்ட உத்தரவில் இது இருக்கிறது. காரணம் எழுதப்பட்டிருந்தது; அந்த மின்னஞ்சல்களை எச்சரிக்கையாக எண்ணிப் படிக்கும் வழக்கம் அங்கு இல்லை.

நம் வழங்கிகளிலும் காரணம் பெரும்பாலும் எங்கோ எழுதப்பட்டுத்தான் இருக்கும். ஆனால் நாம் பார்க்கும் திரையில் இராது. ஜாவா மொழியில் எழுதிய செயலிகளைத் தாங்கும் 'டாம்கேட்' வழங்கியை எடுத்துக்கொள்கிறேன். சிறு நிறுவனங்களில் பரவலாக இருப்பது அது. 'வார்' கோப்பு ஒன்றை அதன் 'வெப்ஆப்ஸ்' அடைவில் போட்டால் தானே பிரித்துத் தொடங்கிவிடும். பிரித்து முடித்தபின் உலாவியில் பார்த்தால் '404, பக்கம் இல்லை' என்று வருகிறது. உடனே முகவரியைச் சரிபார்ப்போம், கோப்பு இருக்கிறதா என்று தேடுவோம். எல்லாம் இருக்கும். விஷயம் என்னவென்றால், தொடங்கும்போதே விழுந்துவிட்ட செயலிக்கும் டாம்கேட் இதே 404ஐத்தான் காட்டும். டாம்கேட் உயிரோடிருக்கிறது, செயலி இல்லை. அதன் கணக்கில் அப்படியொரு பக்கமே கிடையாது.

இதற்குமுன் ஒன்றை உறுதி செய்துகொள்ளவேண்டும்: 404ஐச் சொல்வது யார்? டாம்கேட்டின் முன்னால் 'என்ஜின்எக்ஸ்' போன்ற வாயிற்காப்போன் ஒருவர் நிற்பது வழக்கம். 502 என்றால் வாயிற்காப்போன் உள்ளே கூப்பிட்டும் முறையான பதில் வரவில்லை. 504 என்றால் காத்திருந்து நேரம் கடந்துவிட்டது. 404 இருவரில் எவரும் சொல்லலாம். பக்கத்தின் அடியில் பெயர் மறைக்கப்படாமல் இருந்தால் அதைப் பார்த்தே அறியலாம். வழங்கிக்குள் நுழைந்து, அங்கிருந்தே 8080ஆம் வாயிலை நேராகக் கேட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது. அங்கு பக்கம் வந்துவிட்டால் டாம்கேட்டை விட்டுவிடலாம், கோளாறு முன்வாசலில்.

இனிப் பதிவுக் கோப்புகள். 'லாக்' என்போமே, அவை. பலரும் 'காட்டலினா' என்று தொடங்கும் கோப்பை மட்டும் திறந்து, லிசனர்கள் சில தொடங்கவில்லை என்ற ஒற்றை வரியைப் பார்த்துத் திகைத்துப் போகிறார்கள். முழு விவரம் உரிய வேறு கோப்பில் இருப்பதாக அந்த வரியே சொல்லும். 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற பெயரோடும் அன்றைய தேதியோடும் பக்கத்திலேயே கிடக்கும் கோப்புதான் அது. அதைத் திறந்தால் நூறு இருநூறு வரிக்குப் பிழை விவரம் கொட்டிக்கிடக்கும். படிக்க ஒரு வழி உண்டு. நேரத்தால் முதலில் வந்த பிழையை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருபவை அதன் பிள்ளைகள். அந்த ஒரு பிழைக்குள் 'காஸ்ட் பை' என்று தொடங்கும் வரிகளில் கடைசியானதைப் பாருங்கள். மூலம் அங்கே இருக்கும். தரவுத்தளக் கடவுச்சொல் தவறு என்ற அற்பச் செய்தி, இருநூறு வரிகளுக்கு அடியில் ஒளிந்திருப்பதுண்டு.

அடிக்கடி அகப்படுவது ஜாவா பதிப்பு வேறுபாடு. செயலியைத் தொகுத்த ஜாவாவைவிட வழங்கியில் உள்ளது பழையதாக இருந்தால் 52, 55, 61 போன்ற எண்களோடு பிழை வரும். 52 என்பது ஜாவா 8, 55 என்பது 11, 61 என்பது 17. எண்ணிலிருந்து 44ஐக் கழித்தால் பதிப்பு வந்துவிடும். இது நேர்மையான பிழை. கூப்பாடு போட்டுச் சொல்லிவிடுகிறது.

கூப்பாடே போடாத பிழை ஒன்று உண்டு. ஜாவாவின் நிறுவனத் தொழில்நுட்பத்தை ஆரக்கிள் 2017ல் எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைக்க முன்வந்தது. 'ஜாவா' என்ற வணிகப் பெயர் பற்றி உடன்பாடு எட்டவில்லை. ஆகவே 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கிய நிரல் பெயர்கள் 2020 இறுதியில் 'ஜகார்த்தா' என்று மாறின. டாம்கேட் 10 புதிய பெயரை மட்டுமே அறியும். 9க்காக எழுதிய செயலியை 10ல் போட்டால், சில செயலிகள் பிழை ஏதுமின்றி ஏறி, எல்லாப் பக்கத்துக்கும் 404 காட்டும். பழைய பெயரில் கூப்பிட்டால் அது திரும்பிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். இதற்கென்றே 'வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ' என்றொரு அடைவு வைத்திருக்கிறார்கள். செயலியை அங்கே போட்டால் பெயர்களைத் தானே மாற்றித் தந்துவிடும். வழக்கறிஞர்களின் பேச்சுவார்த்தை முறிந்ததற்கு நிரலாளர்கள் கட்டும் அபராதம் என்று இதைச் சொல்லலாம்.

அனுமதிச் சிக்கலுக்குப் பலரும் கைக்கொள்ளும் வைத்தியம், எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் '777'. எனக்கு இது அறவே பிடிக்காது. பல வேளை பயனும் இல்லை. டெபியன், உபுண்டு தந்த டாம்கேட் 9 பொதியில், குறிப்பிட்ட சில அடைவுகளைத் தவிர வேறெங்கும் எழுத முடியாதபடி 'சிஸ்டம்டி' பூட்டியிருக்கும். படங்களைச் சேமிக்கும் அடைவுக்கு 777 கொடுத்தாலும் எழுத முடியாது, வாசிக்க மட்டுமே என்றுதான் பதில் வரும். அந்தச் சேவையின் அமைப்பில் அடைவின் பெயரைச் சேர்க்கவேண்டும்.

பழைய பதிப்புக்குத் திரும்புவதில் தரவுத்தளமும் குறுக்கே நிற்கும். புதிய பதிப்பு எழும்பும்போது அட்டவணைகளை மாற்றத் தொடங்கி நடுவில் விழுந்தால், போஸ்ட்கிரெஸ் பொதுவாக அம்மாற்றங்களை ஒரே மூட்டையாகத் திரும்பப் பெற வழி தரும். மைஎஸ்கியூஎல் தராது, பாதி மாறியது மாறியபடியே நிற்கும். அதன்மேல் பழைய நிரலைப் போட்டால் எந்தப் பதிப்புக்கும் பொருந்தாத ஒரு நிலை உண்டாகும். ஏற்றுவதற்கு முன்பே பிரதி எடுக்கச் சொல்வது இதனால்தான்.

தமிழ்ச் செயலிகளுக்கே உரிய தொல்லை ஒன்று இருக்கிறது. இதில் செயலி எழும்பிவிடும், எழுத்துதான் போய்விடும். ஜாவா 18க்கு முந்தைய பதிப்புகள், எழுத்துக் குறியீட்டை இயங்குதளத்தின் மொழி அமைப்பிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. கையால் இயக்கினால் உங்கள் கணக்கின் யூடிஎஃப்-8 அமைப்பு கிடைக்கும், தமிழ் தெரியும். வழங்கி அணைந்து தானாக எழும்பும்போது அந்த அமைப்பு இல்லாமல் போகலாம், தமிழெல்லாம் கேள்விக்குறி. 2022ல் வந்த ஜாவா 18 முதல் யூடிஎஃப்-8 இயல்பாக்கப்பட்டது. தமிழில் பெயரிட்ட கோப்புகளுக்கு மட்டும் பழைய சங்கடம் இன்னும் உண்டு. தரவுத்தளத்தைப் பொறுத்தவரை தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் என்பதால் மைஎஸ்கியூஎல்லின் பழைய 'யூடிஎஃப்8' போதும். ஆனால் முந்திரி, காணி, மா போன்ற பின்னக் குறிகள் 2019ல் யூனிகோடில் சேர்ந்தபோது நான்கு பைட் பகுதியில் இடம் பெற்றன. பழைய கணக்கேடுகளைப் பதிப்பிப்பவர்களுக்கு 'யூடிஎஃப்8எம்பி4' வேண்டும்.

இந்த நிலையில் செய்யக் கூடாதது ஒன்று: கேள்விக்குறி தெரியும் பக்கத்தைத் திருத்தப் படிவத்தில் திறந்து சேமிப்பது. திரையில் மட்டும் இருந்த கோளாறு தரவுத்தளத்துக்குள் போய்விடும். யாரோ மாதக்கணக்கில் தட்டச்சு செய்த நூலாக அது இருக்கலாம். சேமிப்பதை நிறுத்திவிட்டு, தரவுத்தளத்தில் உள்ள ஒரு தமிழ்ச் சொல்லின் பைட்டுகளை எண்களாக வாசியுங்கள். 224 என்று தொடங்கினால் எழுத்து பத்திரமாக இருக்கிறது, காட்டும் இடத்தில்தான் கோளாறு. 195 என்று தொடங்கினால் இருமுறை குறியீடு மாற்றப்பட்டிருக்கிறது, பெரும்பாலும் மீட்டுவிடலாம். வரிசையாக 63 என்றே இருந்தால் அவை உண்மையான கேள்விக்குறிகள். முந்தைய பிரதியைத் தேடவேண்டியதுதான்.