பரண் இறங்கும்போது பார்த்து இறக்குங்கள்

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதும், பெரியவர்கள் காலமான பிறகு வீட்டை வாடகைக்கு விடும்போதும்தான் நம் வீடுகளில் பரண் கீழே இறங்கும். ட்ரங்குப் பெட்டி, ஓடாத மிக்ஸி, பித்தளை அண்டா, ஜவுளிக்கடை மஞ்சள் பைக்குள் கட்டிவைத்த காகிதங்கள். அடைசலைக் குறைத்து எளிமையாக வாழ நினைப்பது நல்லதுதான். ஆனால் எடைக்குப் போடும் பொருள்களில் சில நம் உரிமைக்குச் சான்று. வேறு சில, வீட்டை விட்டுப் போன பிறகும் நம் பெயரிலேயே வெளியே சுற்றும். மகிழ்ச்சி தராததைத் தூக்கிப் போடு என்ற ஜப்பானிய உபதேசம் இங்கே உதவாது. தாய்ப்பத்திரத்தைப் பார்த்து யார் மகிழ்ந்தார்கள்?

முதலில் அந்த மஞ்சள் பை. கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், உயில், பட்டா நகல் எதுவாக இருந்தாலும் கிழிந்தது, பழசு என்று ஒதுக்கக் கூடாது. மூலப் பத்திரம் தொலைந்தால் சொத்து போய்விடாது. பதிவு செய்த பத்திரம் என்றால் சார் பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். ஆனால் விற்கவோ வங்கியில் கடன் வாங்கவோ போகும்போது போலீசில் புகார், நாளிதழில் விளம்பரம், 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற போலீஸ் சான்றிதழ் என்று மாதக்கணக்கில் அலைய நேரும். கிராமத்து நத்தம் நிலத்தில் வீடு உள்ளவர்கள் பழைய வீட்டு வரி ரசீதுகளைக்கூட விடக் கூடாது. அனுபவ பாத்தியதையைக் காட்டப் பல குடும்பங்களிடம் இருப்பதே அவைதான். மின் கட்டண ரசீது அப்படியல்ல, அண்மை ஆண்டுகளுக்கு உரியது போதும்.

அதே பையில் தாத்தாவின் வங்கிப் பாஸ்புக்கும் பங்குப் பத்திரமும் இருக்கலாம். பத்து ஆண்டுகள் யாரும் தொடாத வங்கிக் கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதி ஒன்றுக்குப் போய்விடும். போனாலும் உரிமை அழியாது, வாரிசு அதே வங்கியிடம் கேட்டு வாங்கலாம். எந்த வங்கி என்றே தெரியாவிட்டால் ரிசர்வ் வங்கி 2023இல் தொடங்கிய 'உத்கம்' இணையதளத்தில் பெயரைக் கொடுத்துத் தேடலாம். பங்குகளின் கதை வேறு. தொடர்ந்து ஏழு ஆண்டுகள் ஈவுத்தொகை வாங்கப்படாமல் கிடந்தால், அந்தப் பங்குகளே மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்படும். அவற்றை மீட்கவும் வழி உண்டு, அந்த விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. 'மீட்டுத் தருகிறோம், இத்தனை சதவீதம் கொடுங்கள்' என்று வருகிறவர்களிடம் கையெழுத்துப் போடும் முன் இதை நினைவில் வையுங்கள்.

வைத்துக்கொள்ள வேண்டியவை இவை. அழித்துவிட்டு அனுப்ப வேண்டியவையும் உண்டு. ஆதார் நகல், வங்கிக் கணக்கு அறிக்கை, எழுதாத காசோலைத் தாள் ஆகியவை பழைய பேப்பரோடு கலந்து போனால் எந்தக் கடையில் பொட்டலம் மடிப்பார்கள், யார் கையில் சிக்கும் என்று யாருக்குத் தெரியும்? நாலாகக் கிழிப்பது போதாது, எண்ணும் கையெழுத்தும் தெரியாதபடி பொடியாகக் கிழியுங்கள். உங்கள் பெயரில் வேறு யாராவது சிம் வாங்கியிருக்கிறார்களா என்பதை மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்த்து, உங்களுடையது அல்லாததைப் புகார் செய்யலாம். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930ஐ அழையுங்கள். பழைய போனைக் கொடுக்கும் முன் கணக்குகளிலிருந்து வெளியேறி, முழுவதும் அழித்து, சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிவிடுங்கள். கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் கோப்பை அழித்தாலும் மீட்டெடுக்க முடியும். அதைத் தனியே கழற்றி வைத்துக்கொள்வதுதான் நிம்மதி.

வாசலில் துருப்பிடித்து நிற்கும் ஸ்கூட்டரைப் பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிவிடுவது பலர் செய்யும் தவறு. ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். வண்டியை எப்போதோ விற்றிருந்தாலும், பெயர் மாற்றாதவரை விபத்து இழப்பீட்டுக்குப் பதிவிலுள்ளவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உடைக்கக் கொடுத்தால் அரசுப் பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் சான்றிதழ் வாங்கி, பதிவை ரத்து செய்ய வேண்டும். பாட்டி பெயரிலிருந்த கேஸ் சிலிண்டரையும் தெரிந்தவருக்கு விற்கக் கூடாது. ஏஜென்சியில் ஒப்படைத்தால் கட்டிய வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கும்.

அரிசி டப்பாவிலும் சேலை மடிப்பிலும் பணம் கிடைப்பது சினிமாவில் மட்டுமல்ல. 2000 ரூபாய் நோட்டு இன்னும் செல்லும். சென்னை ராஜாஜி சாலையிலுள்ள ரிசர்வ் வங்கி அலுவலகத்தில் மாற்றலாம், தபால் மூலமும் அனுப்பலாம். 2016இல் செல்லாததான பழைய 500, 1000 நோட்டுகளை இனி மாற்ற முடியாது. அதோடு, பத்துக்கு மேல் வைத்திருப்பதே 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அபராதம் 10,000 ரூபாய் அல்லது முகமதிப்பைப் போல் ஐந்து மடங்கு, எது அதிகமோ அது. 'பழைய நோட்டுக்கு லட்சம் தருகிறோம்' என்று வரும் வாட்ஸ்அப் செய்தி முன்பணம் பறிக்கும் மோசடி.

இதையெல்லாம்விட அடிக்கடி சண்டையில் முடிவது ஒன்று உண்டு. அந்தப் பொருள் யாருடையது? சீராக வந்த பித்தளைப் பாத்திரம், வெள்ளி, நகை எல்லாம் அந்தப் பெண்ணின் சீதனம். கணவன் வீட்டு அலமாரியில் இருப்பதால் கணவனுடையது ஆகிவிடாது. 1985இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது, 2024இலும் திரும்பச் சொன்னது. இடத்தை அடைக்கிறது என்று மருமகளைக் கேட்காமல் அண்டாவை எடைக்குப் போடுகிறவர்கள், அவளுடைய சொத்தை விற்கிறார்கள். மறுக்கப்பட்டவர் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் திரும்பப் பெற நீதிமன்றத்தைக் கேட்கலாம், 181இல் வழிகாட்டுவார்கள். மாமியாருக்கும் இதே நியாயம்தான். வெளியூரிலிருந்து ஒரு வாரம் வந்த பிள்ளைகள் அவர் தூங்கும் நேரத்தில் அறையைக் காலி செய்வது ஒழுங்கு அல்ல, அத்துமீறல். முதியோருக்கான உதவி எண் 14567.

மிஞ்சியது உண்மையான குப்பை. அதைப் போகியன்று கொளுத்துவதுதான் நம் பழைய தீர்வு. வைக்கோல், பாய், ஓலை எரிந்த காலத்துப் பழக்கம் அது. இன்று எரிவது பிளாஸ்டிக்கும் டயரும் ரெக்சினும். 2018 போகிப் புகையில் சென்னை விமான நிலையமே தடுமாறியது, மூச்சிரைப்பு உள்ள பக்கத்து வீட்டுப் பெரியவர் என்ன செய்வார்? திடக்கழிவு விதிகளின்படி தெருவில் குப்பை எரிப்பதே தடை. கெட்டுப்போன டிவி, போன் ஆகியவற்றை மறுசுழற்சி செய்யவைக்கும் பொறுப்பு, 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி தயாரிப்பாளருடையது. காலாவதியான மருந்தையும் உடைந்த டியூப்லைட்டையும் தனியே கட்டி, என்னவென்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். சென்னையில் மெத்தை, சோபா போன்ற பெரிய சாமான்களுக்கு மாநகராட்சியின் 1913 எண்ணில் கேட்கலாம்.

அடியில் ஓலைச்சுவடி கிடைத்தால் ஆற்றில் விடாதீர்கள். சென்னை கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சை சரஸ்வதி மகால், அச்சிட்ட பழைய தமிழ் நூல் என்றால் தரமணி ரோஜா முத்தையா நூலகம் ஆகியவை இதற்காகவே இருக்கின்றன. நூறு ஆண்டைத் தாண்டிய சிலையாக இருந்தால், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அதைப் பதிவு செய்ய வேண்டும். காரைக்குடிப் பழம்பொருள் கடையில் என்ன விலை வரும் என்று விசாரிக்கப் போவது அதற்கப்புறம்.