வெள்ளம் என்னும் சொல்

தமிழ்ச் சொற்களுட் சில, பல பொருளுடையனவாயினும், ஒரு பொருளிலே மிகுதியும் வழங்கப்பட்டு, ஏனைய பொருள்கள் மக்கள் நினைவினின்று நீங்கப்பெற்று நிற்கின்றன. வெள்ளம் என்பது அத்தகையதொரு சொல். 2015-ஆம் ஆண்டு டிசம்பரிற் சென்னையும், 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டிற் கேரளமும் நீரில் மூழ்கித் துன்புற்ற பின்னர், அச்சொல்லைக் கேட்ட அளவிலே இடிந்த மனையும் இழந்த உயிரும் கருத்தில் முன்னிற்றல் இயல்பாயிற்று. அவ்வளவோடு அமையின் இழுக்கொன்றுமில்லை. இன்பவெள்ளம், அருள்வெள்ளம் என்றாற்போலும் தொடர்களுக்குப் பொருள் காணப் புகுவார் சிலர், அழிவுப் பொருளையே உள்ளத்துக் கொண்டு, வெள்ளம் தன்னகப்பட்டதனைக் கொண்டு ஒழிப்பதுபோலச் சிவானந்தமும் ஆன்மாவை இல்லையாக்கும் என உரைக்கத் தலைப்படுதலே ஆராயத்தக்கது. ஒரு சொல்லிற் பிழைத்தமையாற் சித்தாந்த நூற்பொருள் ஏகான்மவாதத்திற் சென்று முடிகின்றது. ஆகலின், அச்சொல்லின் பொருளையும் உலகவழக்கையும் முதற்கண் நோக்குதல் வேண்டும்.

நீர்ப்பெருக்கு, கடல், நீர், மிகுதி, ஒரு பேரெண் எனப் பல பொருள் இச்சொல்லுக்கு அகராதிகளிற் காணப்படும். இவற்றுள் நீர் என்னும் பொதுப்பொருளே இன்று தமிழ்நாட்டிற் பெரிதும் மறைந்தது. மலையாள நாட்டிலோ அது மறையவில்லை. ஆண்டுப் பருகும் நீரும் வெள்ளமே. குடிவெள்ளம் என்பது குடிநீர். விருந்தினன் ஒருவன் வெள்ளம் வேண்டுமெனின், வீட்டார் ஒரு செம்பு நீர் கொணர்வரேயன்றி அஞ்சி ஓடார். ஆற்றின் மிகையைக் கூறவேண்டுமிடத்து, உயர்ச்சிப் பொருளதாகிய பொக்கம் என்னுஞ் சொல்லைக் கூட்டி வெள்ளப்பொக்கம் என்பர். கொல்லம் ஆண்டு 1099-இல், அஃதாவது 1924-இல், நிகழ்ந்த பெருங்கேட்டை அந்நாட்டார் தொண்ணூற்றொன்பதின் வெள்ளப்பொக்கம் என்றே இன்றும் நினைவுகூர்வர். கேடு பொக்கத்தின்கண்ணதேயன்றி வெள்ளத்தின்கண்ணதன்று என்பது அவ்வழக்கானே பெறப்படும். யாழ்ப்பாணத்தாரும், முற்றத்தில் மழைநீர் தேங்கி நிற்பினும் அதனை வெள்ளம் என்பர். அந்நீர் வடிந்து செல்லும் கால் அவர்க்கு வெள்ளவாய்க்கால்.

இஃது அயல்வழக்கு என ஒதுக்கற்பாலதன்று. திருக்குறளில் ஊக்கமுடைமை அதிகாரத்தில், நீர்ப்பூவின் தாளுக்கு அது நிற்கும் நீரின் ஆழத்தை அளவாகக் கூறுமிடத்து, அந்நீரைக் குறித்து நின்றது வெள்ளம் என்னும் சொல்லே. பரிமேலழகரும் அதனை நின்ற நீர் எனவே கொண்டார். கரைபுரண்டு ஓடும் பெருக்கில் தாமரையும் ஆம்பலும் வளரா என்பது குளம் கண்ட சிறுவரும் அறிவர். எழுத்தறியாதாரும் வழங்கும் பழமொழியொன்றும் இதற்குத் துணையாம். இருந்த வெள்ளத்தை வந்த வெள்ளம் கொண்டுபோயிற்று என்பது அது. வருவதும் வெள்ளம், இருப்பதும் வெள்ளம். இருப்பதொன்றை வெள்ளம் என்றமையால், ஓடுதலும் அழித்தலும் அச்சொற்கு இன்றியமையாத இலக்கணமல்ல என்பது தெளிவு.

எண்ணுப்பெயராதலும் இதனோடு ஒத்ததே. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் அம் ஈற்றுப் பேரெண்ணுக்கு உரையாசிரியர்கள் வெள்ளத்தையே எடுத்துக் காட்டினர். கம்பர் வானர சேனையை எழுபது வெள்ளம் என்றதும் யாவரும் அறிந்தது. எண்ணி முடிக்கலாகாத மிகுதியே ஆண்டுப் பொருள். விழாக்காலத்துத் தேர்வீதியில் மக்கள் வெள்ளம் என்பார் உள்ளத்திலும் அம்மிகுதியே நிற்கும்.

காவிரிக் கரையினர் ஆடித்திங்களில் வரும் புதுநீரைப் பெருக்கு என்று போற்றிப் பதினெட்டாம் நாளில் விழவு அயர்வர்; அந்நீரே கரையை உடைத்து வயலிற் புகின் வெள்ளம் என வருந்துவர். வெள்ளம் வருமுன் அணைகோலுக என்னும் அறிவுரையும், தலைக்குமேல் வெள்ளம் சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன என்னும் மனமடிவும் இவ்வச்சத்திற் பிறந்தன. இவற்றோடொருங்கே, சொல்வன்மையுடையார் ஒருவரை மடைதிறந்த வெள்ளம்போற் பேசினார் எனப் புகழும் வழக்கும் உண்டு. (கலங்கல் நீரும் மடைதிறந்தால் வெள்ளமாகவே வரும் என்பதை அவ்வாறு புகழ்வார் கருதுவதில்லை.) மடை திறந்தவன் நீரைப் படைத்தவனல்லன், அகத்தே முன்னரே நிறைந்து நின்றதற்குத் தடையை நீக்கினானாவன். இவ்வுவமை பின்னர் வேண்டப்படும்.

இனித் திருமுறையும் புராணமும் வெள்ளத்தின் கொடுமையை அறியாதனவல்ல. சீகாழிக்குத் தோணிபுரம் என்னும் பெயர் ஊழிவெள்ளத்தில் அது மிதந்தமைபற்றி வந்தது. காவிரி பெருகித் திருவையாற்றை அணுகவொண்ணாது நின்றபோது, சேரமான் பெருமாளுடன் அக்கரைக்கண் நின்ற சுந்தரர் பதிகம் பாட, மேற்பால் நீர் பளிக்குமலைபோல் நின்று கீழ்ப்பால் நீர் வடிந்து மணல்வழி தோன்றிற்று எனச் சேக்கிழார் கூறுவர். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்திலே வையை இருமுறை அழைக்கப்படுகின்றது. அன்னக்குழியும் வையையும் அழைத்த படலத்தில் குண்டோதரனது நீர்வேட்கை தணிய வந்தது. பரி நரியாக்கி வையையை அழைத்த படலத்தில் வாதவூரடிகளைத் துன்பினின்று மீட்டற்பொருட்டு மதுரையை வளைத்து வந்தது. படலப்பெயர் இரண்டினும் அழைத்த என்னும் சொல்லே காண்க. தாகம் தணித்ததும் கரை உடைத்ததும் ஓர் ஆறே; அழைத்தானும் ஒருவனே. ஆகவே வெள்ளம் இன்னதுதான் செய்யும் எனத் தன்னியல்பால் வரையறுக்கப்பட்டதன்று.

அவ்வாதவூரடிகள் திருச்சதகத்துச் சுட்டறுத்தல் என்னும் பகுதியை வெள்ளம் என்னும் சொல்லாலேயே தொடங்குகின்றார். ஆண்டு அது கங்கை. நிலவுலகம் தாங்கலாற்றாத அந்நீர் விரிசடையில் அடங்கித் தங்குகின்றது. அப்பாட்டிலேயே, இறைவன் பெயர்களைக் கேட்ட அன்பர் நெஞ்சம் பள்ளத்திற் பாயும் புனல்போல மேல்கீழாய்ப் பதைத்து உருகுவது கூறப்படும். ஈற்றில் அச்சொல் மீண்டும் வருகின்றது. இம்முறை அது கங்கையன்று, கண்ணீர். உள்ளங்கால் முதல் உச்சிவரை நெஞ்சேயாய் உருகவில்லையே, உடம்பெல்லாம் கண்ணாகி வெள்ளம் பாயவில்லையே, நெஞ்சு கல்லாயிற்றே, கண் மரமாயிற்றே என அடிகள் இரங்குகின்றார். பாய்தலையன்று, பாயாமையையே அவர் தீவினை என்றார். கல்லும் மரமும் மடை அடைப்பார் கைக்கொள்ளும் பொருள்கள் என்பதனையும் உடன்வைத்து எண்ணுக. முடிமேலுள்ள வெள்ளத்துக்கும் கண்ணில் வேண்டிய வெள்ளத்துக்கும் இடையே ஒரு சொல்லே பாலமாயிற்று. இவ்விரண்டனுள் ஒன்றேனும் ஆன்மாவை அழிக்கும் வெள்ளமாதல் இல்லை.

அற்றன்று, வெள்ளத்திற் கலந்த நீர் வேறு காணப்படாதவாறுபோல, சிவானந்தத்துட் கலந்த ஆன்மாவும் வேறின்றி ஒழியும், முண்டகோபநிடதமும் ஆறுகள் பெயரும் வடிவும் விட்டுக் கடலை அடைதலை உவமை கூறிற்றாலோ எனின், கூறுதும். உவமை எல்லாவாற்றானும் ஒத்தல் வேண்டும் எனின் எவ்வுவமையும் நிலைபெறாது. கூறினான் கருதிய பகுதியே கொள்ளற்பாலது. ஆறு கடலை அடையும் உவமையை மெய்கண்டாரும் சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரத்தின் உதாரண வெண்பா ஒன்றில் ஆண்டனர். ஐம்புல வேடரிடை வளர்ந்து தன்னை அறியாதிருந்த ஆன்மா, குருவால் உணர்த்தப்பட்டு அரன் கழலை அணையுமாறு கூறும் சூத்திரம் அது. அணையால் தடுக்கப்பட்டு நின்ற புனல், அணை நீங்கியவழிக் கடலைச் சென்றடைந்து மீளாதவாறுபோலப் புலனுணர்வால் தடுக்கப்பட்டு நின்ற உயிர் அதனின் நீங்கி இறைவன் திருவடியை உற்றுப் பின் மீளாது என்பது அவ்வெண்பாவின் கருத்து.

ஈண்டு நீங்கியது யாது, எஞ்சியது யாது எனக் காணல் வேண்டும். நீங்கியது அணை. நீர் நீங்கிற்றன்று, அது முன்னர் அணைக்குள் நின்றது, பின்னர்க் கடலில் நிற்கின்றது. மீளாமையே உவமையாற் கொண்ட பொருள், இல்லாமையன்று. நீர் இல்லையாயின் மீளாது என்றற்கு எழுவாயும் இல்லையாம். திருச்சதகத்து எட்டாம் பகுதிக்கு ஆனந்தத்தழுந்தல் எனப் பெயர் அமைந்ததும் இதனோடு பொருந்தும். அழுந்துவான் ஒருவன் இல்வழி அழுந்தல் என்பதொன்று நிகழாது. அழிந்தான் அழுந்தினான் எனப்படான். இன்பவெள்ளம் என்புழி வெள்ளமாவது, நின்ற நீர்போல நிறைந்ததாய், பேரெண்போல அளவிறந்ததாய், மடைதிறந்த நீர்போலத் தடைநீங்கியவழித் தானே வெளிப்படுவதாய் உள்ள ஒன்று என்க.

மெய்கண்டார் அவ்வெண்பாவில் அணையைக் குறிக்க எடுத்த சொல் சிறை. நீரைத் தடுக்கும் கரைக்கும், மாந்தரைப் பிணித்து வைக்கும் கூடத்துக்கும் தமிழில் அது பொதுப்பெயர். சிறியதொரு வெண்பாவில் அச்சொல் மும்முறை வருகின்றது. நீரைப் பற்றியோ, செழுமையுடையது என்னும் அடையன்றி அழிவு உணர்த்தும் சொல் ஒன்றேனும் அதன்கண் இல்லை.