உஷார்! நம்பர் இல்லாத எஸ்டேட் ஜீப்

காப்பிப் பழம் பறிக்கும் சீசன் நெருங்கினால் ஏற்காட்டின் கொட்டச்சேடு பக்கம் பழைய ஜீப்புக்குக் கிராக்கி ஏறிவிடும். "அண்ணே, எஸ்டேட்டுக்குள்ளதானே ஓட்டப்போறீங்க, ஆர்.சி., நம்பர் பிளேட்டெல்லாம் எதுக்கு?" என்று தரகர் ஆரம்பித்தால் நம்பிவிடாதீர்கள். அது பச்சைப் பொய்.

பதிவில்லாத வண்டியைப் பொது இடத்தில் மட்டுமல்ல, 'வேறு எந்த இடத்திலும்' ஓட்டக்கூடாது என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-வது பிரிவு. தொழிற்சாலை போன்ற அடைபட்ட வளாகத்துக்குள் ஓட்டுவதற்கென்றே தனியாக அமைத்த வண்டிக்குத்தான் விலக்கு. ரோட்டில் ஓடுவதற்காகச் செய்த ஜீப் அதில் சேராது. எக்ஸ்கவேட்டர், ரோடு ரோலர்கூட மோட்டார் வாகனம்தான் என்று 2001-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அதோடு, மூட்டை ஏற்றிய ஜீப் குப்பனூர் ரோட்டுக்கு வராமல் இருக்குமா?

பிடிபட்டால் முதல் தடவை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். அடுத்த தடவை ஓராண்டு வரை சிறைக்கும் வழியுண்டு. பணம் போனால் போகட்டும். பழம் பறிக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு வளைவில் வண்டி கவிழ்ந்தால் என்ன செய்வீர்கள்? இன்ஷூரன்ஸ் இருக்காது. இழப்பீடு முழுக்க ஓனர் தலையில். ஓனரிடம் பணம் இல்லையென்றால், அடிபட்டவளின் குடும்பம் அலைந்து வாங்கிய தீர்ப்பு வெறும் காகிதம். இதை நினைத்தால்தான் எனக்குப் பதறுகிறது.

அடுத்தது சேசிஸ் நம்பர். சேற்றைத் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். சுற்றிலும் கிரைண்டர் கீறல், அந்த இடத்தில் மட்டும் புது பெயின்ட், ஒற்றை எண் மட்டும் சாய்ந்து நிற்பது எல்லாமே ஆபத்து. 17 இலக்க நம்பரில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வரவே வராது. இருந்தால் வண்டியைத் தொடாதீர்கள். ரொம்பப் பழைய ஜீப்பில் நம்பர் இதைவிடச் சின்னதாக இருக்கும், அதை ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரதியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

திருட்டு வண்டி என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' சேவையில் முதலில் அந்த வண்டியைத் தேடிப் பாருங்கள். உரிமை மாற்றத்துக்கான 29, 30-ம் எண் படிவங்களில் விற்பவர் கையெழுத்துப் போடும்வரை முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.