குடி துறந்தார்க்குத் துணை யாது?



மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரை, கிழக்கே எழுவான்கரை. இவ்விரு கரைகளிலும் உள்ள ஊர்களில், வயலிலே உழைத்தவனும் தோணி வலித்தவனும் நாட்கூலியைப் பெற்றுக்கொண்டு மாலையில் வீடு திரும்பும்போது, வழியிலே கள்ளுத் தவறணையும் சாராயக் கடையும், மறைவிலே காய்ச்சிய கசிப்பும் அவனுக்காகக் காத்திருக்கின்றன. அக்கூலியில் எவ்வளவு வீடு வந்து சேரும் என்பது, அடுப்பருகே அமர்ந்திருக்கும் மனைவி அன்றாடம் கேட்டு ஏங்கும் வினா. நீண்ட போரும், 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையும் தந்த துயரை மதுவிலே மறக்க முயன்று, பின்னர் அம்மதுவுக்கே அடிமையானவர்களும் உளர்.

இத்தகைய ஒருவர், "இனிக் குடியேன்" என்று துணிந்துவிட்டார் எனக் கொள்வோம். அத்துணிவைக் காத்துக்கொள்ள அவர் எந்தக் கூட்டத்தை நாடுவது? சமய நெறியைச் சார்ந்த கூட்டத்தையா? அன்றிப் பன்னிரு படிமுறை எனப்படும் நெறியைப் பின்பற்றும் கூட்டத்தையா? இதுவே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

அதற்கு முன்னர் ஓர் எச்சரிக்கை. பல ஆண்டுகளாக நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்த ஒருவர், திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வியர்வை, உறக்கமின்மை ஆகியவை தோன்றும். சிலருக்கு வலிப்பு உண்டாகும். இரண்டு மூன்று நாட்களில் மனந்தடுமாறி, இல்லாத உருவங்களைக் காணும் நிலையும் ஏற்படலாம். இது உயிருக்கே இறுதியாதலும் கூடும். ஆகவே எக்கூட்டத்திற்குச் செல்வதாயினும், முதலில் வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும். நேர்த்திக்கடனோ உறுதிமொழியோ மருந்தின் இடத்தை நிரப்பமாட்டா.

இனிச் சமய வழியை நோக்குவோம். அது நமக்குப் புதியதன்று. திருக்குறள் கள்ளுண்ணாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்துள்ளது. இஸ்லாம் மதுவை முற்றாக விலக்குகின்றது. பௌத்தரின் பஞ்சசீலத்தில் ஐந்தாவது, மயக்கந்தரும் பொருளைத் தவிர்த்தல். 1814ஆம் ஆண்டிலேயே மட்டக்களப்பில் பணி தொடங்கிய மெதடிஸ்த திருச்சபைக்கும் மதுவிலக்குப் பிரசாரம் பழக்கமான ஒன்று. வைகாசித் திங்களிலே கண்ணகி அம்மன் கோயில்களில் திருக்குளிர்த்தி நடைபெறும் காலத்தும், உகந்தை வழியாகக் கதிர்காமத்திற்குப் பாதயாத்திரை செல்லும் காலத்தும், குடிப்பழக்கமுள்ளவர்களும் மதுவைத் தொடாது விரதம் காப்பதை நாம் கண்டிருக்கின்றோம்.

இங்கே ஓர் உண்மை புலனாகின்றது. விரத காலத்தில் ஒருவரால் குடியாதிருக்க முடிகின்றதே, அது எவ்வாறு? உடன் நடப்பவர் எவரும் குடிப்பதில்லை. ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. தாம் ஓர் உயர்ந்த பொருளை நோக்கிச் செல்கின்றோம் என்ற எண்ணம் உண்டு. ஆனால் விரதம் முடிந்து ஊர் திரும்பியதும் அத்துணை கலைந்துவிடுகின்றது. பழைய நண்பரும் பழைய தவறணையும் மீள்கின்றனர். விரதத்திலே குறையில்லை, அதன்பின் வரும் சாதாரண நாட்களுக்குத் துணையில்லாமையே குறை. வாரந்தோறும் கூடும் செபக் கூட்டமோ பசனைக் குழுவோ அக்குறையை நிரப்புமாயின், சமய வழி மிக வலியது.

பன்னிரு படிமுறை பிறந்த கதையைக் கேளுங்கள். 1935ஆம் ஆண்டு மே மாதத்தில், பில் வில்சன் என்ற அமெரிக்கர் வணிக நோக்கமாக ஒகாயோ மாநிலத்து அக்ரன் நகருக்குச் சென்றார். அவர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. சென்ற காரியம் தோற்றது. தங்கியிருந்த விடுதியின் மதுச்சாலை அவரை அழைத்தது. உள்ளே போகாமல் அவர் தொலைபேசியை எடுத்துத் தேவாலயங்களை விசாரித்து, தம்மைப்போல் குடியால் வருந்தும் இன்னொருவரைத் தேடினார். அவ்வாறு கிடைத்தவர் பொப் ஸ்மித் என்ற வைத்தியர். குடித்து நொந்தவன் குடித்து நொந்தவனோடு மனந்திறந்து பேசினால் இருவருக்கும் பலமுண்டாகும் என்பதை அவர்கள் கண்டனர். அவ்வைத்தியர் இடையில் ஒருமுறை வழுக்கி வீழ்ந்து, மீண்டும் எழுந்தார். அவர் இறுதியாகக் குடித்த நாளாகிய 1935 ஜூன் 10ஆம் திகதியே, அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ் என்னும் இயக்கத்தின் பிறந்த நாளாகக் கொள்ளப்படுகின்றது.

அவர்தம் படிகளின் சாரம் இது: மதுவின் முன் தாம் வலியிழந்ததை ஒப்புக்கொள்ளல், தம்மினும் மேலான ஓர் ஆற்றலிடம் தம்மை ஒப்படைத்தல், தம் குற்றங்களை ஆராய்ந்து ஒருவரிடம் வெளியிடல், தீங்கிழைத்தோருக்கு இயன்றவரை ஈடுசெய்தல், பின்னர் ஏனைய குடிநோயாளருக்கு உதவுதல். கட்டணம் இல்லை. குடியை விடவேண்டும் என்ற விருப்பமே உறுப்புரிமை. உறுப்பினர் பெயர் வெளியே சொல்லப்படுவதில்லை. இவ்வியக்கம் ஒக்ஸ்போர்ட் குழு என்னும் கிறிஸ்தவக் கூட்டத்தினின்றே கிளைத்தது. எனினும், கடவுளை அவரவர் உணர்ந்தவாறு கொள்ளலாம் என்று விட்டமையால், பிற சமயத்தாரும் சமயமில்லாதாரும் அதிற் சேர வழியுண்டாயிற்று. ஆகவே இவ்விரு வழிகளும் பகைவழிகள் அல்ல, ஒரு குடும்பத்தவையே.

பயன் எவ்வாறு? 2020ஆம் ஆண்டில் கொக்ரேன் நிறுவனம் வெளியிட்ட மீளாய்வு, 10,565 பேர் பங்குபற்றிய 27 ஆய்வுகளைச் சீர்தூக்கியது. முற்றாகக் குடியாதிருத்தலில், பன்னிரு படிமுறைக்கு ஒருவரை முறையாக ஆற்றுப்படுத்தும் சிகிச்சை, பிற சிகிச்சைகளினும் மேம்பட்டது என்பது அதன் முடிபு. ஆயினும் அவ்வாய்வுகளிற் பெரும்பாலானவை மேலைநாட்டில் நிகழ்ந்தவை என்பதை நாம் மறத்தலாகாது.

நமது ஊர்களில் வேறு சில இடர்ப்பாடுகள் உள. ஒருவர் இருமினால் அடுத்த வளவுக்குக் கேட்கும் சிற்றூரிலே, பெயர் மறைப்பது எளிதன்று. அத்தகையோர் பக்கத்து ஊரிலோ, தொலைபேசி வழியாகவோ கூடலாம். கூட்டமே இல்லாத இடத்தில், குடியை விட விரும்பும் இருவர் மூவர் சேர்ந்தாலே ஒரு குழுவாகலாம் என்பதும் இவ்வியக்கத்தின் மரபு. மறுபுறத்தே, வேற்றுச் சமயத்தார் நடத்தும் கூட்டத்திற்குச் சென்றால் மதம் மாறவேண்டி வருமோ என்று தயங்கும் குடும்பங்கள் உண்டு. அத்தயக்கத்தை இகழாது, நடத்துவோரிடம் முன்னரே நேராகக் கேட்டு அறிதலே முறை.

ஆகவே, நேயர்களே, எக்கூட்டமாயினும் நான்கு வினாக்களைக் கேளுங்கள். வைத்தியர் தந்த மருந்தை நிறுத்தும்படி சொல்கின்றார்களா? பணம் கேட்கின்றார்களா? இன்று விழா நாளன்று, வெறும் செவ்வாய்க்கிழமை. இன்றும் அழைத்தால் வருவார் உண்டா? நான்காவது வினாவே தலையாயது: மீண்டும் குடித்துவிட்டவன் அங்கே திரும்பி வரத் துணிவானா? சத்தியத்தை முறித்த பாவி என்று முகம் திருப்பும் இடத்துக்கு அவன் வாரான்; மறைந்து குடிப்பான். "வந்தாயே, அது போதும், இன்றிலிருந்து எண்ணுவோம்" என்று சொல்லும் இடம் கோயில் மண்டபமாயினும், பள்ளிவாசலாயினும், தேவாலயமாயினும், பன்னிரு படிக் கூட்டமாயினும், அதுவே அவனுக்குரிய இடம்.

இறைபற்றிலே ஊறியவருக்குச் சமயக் கூட்டம் இயல்பாகப் பொருந்தும். சமயத்தார் முன் வெட்கித் தலைகுனிபவருக்கும், தம்மைப்போல் வருந்தியவரின் சொல்லையே நம்புபவருக்கும் பன்னிரு படிமுறை பொருந்தும். இரண்டிற்கும் செல்வதைத் தடுப்பார் இல்லை. வீட்டாரும் தனித்து வருந்தவேண்டுவதில்லை. குடிநோயாளர் குடும்பத்தாருக்கென அல்-அனொன் என்னும் இயக்கம் 1951ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது.

தேர்வு அவருடையது. அவரை விரட்டாமலும் வசைபாடாமலும், முதற் கூட்டத்தின் வாயில்வரை உடன் நடந்து செல்வது நம்முடைய கடமை.