சாயத்துக்கு அடியில் தண்ணீர்

போன ஞாயிறு ஜொகூர் பாருவில் பசியாற உட்கார்ந்த கடையில், எதிர் நாற்காலியில் இருந்த இளம் ஆசிரியர் ஒருவர் கைப்பேசியை என் பக்கம் திருப்பினார். படத்தில் ஒரு மோரிஸ் மைனர். குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணியாக இருந்த அவருடைய தாத்தா ஓட்டிய காடி. வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் வெகுகாலம் கிடந்திருக்கிறது. “அங்கிள், நல்ல ஸ்ப்ரே கடையா ஒன்னு சொல்லுங்க. சாயம் மட்டும் அடிச்சா போதும், மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்றார்.

அந்த “மட்டும்” என்ற சொல்லுக்காகத்தான் நான் இரண்டாவது தே தாரிக் சொல்ல வேண்டியதாயிற்று.

நம் ஊரில் இந்த வேலைக்குப் பெயரே “கெத்தோக் சாட்”. மலாயில் கெத்தோக் என்றால் தட்டுவது, சாட் என்றால் சாயம். தமிழ்நாட்டில் இதையே “டிங்கரிங், பெயின்டிங்” என்பார்கள். இரண்டு ஊரிலும் தட்டல் முன்னால் வருகிறது, சாயம் பின்னால் வருகிறது. பலகையில் எழுதும்போது சரியாகத்தான் எழுதுகிறோம். காசு பேசும்போதுதான் வரிசை மாறிவிடுகிறது.

அவர் காட்டிய படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். முன் மட்கார்டில், விளக்குக்குப் பின்னால், இருபது காசு அகலத்துக்கு ஒரு கொப்புளம். கதவுக்குக் கீழே இன்னும் இரண்டு. “இதைத் தேய்ச்சு எடுத்துட்டு அடிச்சா போதாதா?” என்று கேட்டார்.

போதாது. துரு வெளியிலிருந்து உள்ளே போவதாகத்தான் எல்லாரும் நினைக்கிறோம். பழைய காடிகளில் அது பெரும்பாலும் உள்ளேயிருந்து வெளியே வருகிறது. இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு பருத்துவிடும். உள்பக்கம் தகட்டைத் தின்று, பருத்து, கடைசியில் வெளிச் சாயத்தை முட்டித் தூக்கும்போதுதான் நம் கண்ணுக்குக் கொப்புளமாகத் தெரிகிறது. அதாவது, கொப்புளம் தெரிகிற இடத்தில் தகடு ஏற்கெனவே போயாச்சு. வெளியே இருபது காசு என்றால் உள்ளே உள்ளங்கை அகலம் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வது நல்லது.

மோரிஸ் மைனருக்கு இது இன்னும் முக்கியம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து, 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்த இந்தக் காடிக்கு லாரிக்கு இருப்பதுபோல அடியில் தனிச் சட்டம் கிடையாது. உடம்பேதான் எலும்பு. மட்கார்டுகள் போல்ட்டில் நிற்பவை. கழற்றி மாட்டலாம், அவை போனால் வருத்தம்தான், ஆபத்தில்லை. ஆனால் கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை பெட்டி போல ஓடுகிறதே, “சில்” என்பார்கள், அது போனால் காடியின் முதுகெலும்பு போனது மாதிரி. முன் இருக்கைக்கு அடியில் ஒரு குறுக்குச் சட்டம் உண்டு. முன்சக்கரத்தைத் தாங்கும் முறுக்குக் கம்பியின் பின்முனை அதில்தான் நிற்கிறது. பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடமும் அப்படியே. இந்த மூன்றும் கண்ணுக்குத் தெரியாத இடங்கள், மூன்றும் சேறும் தண்ணீரும் தங்கும் இடங்கள். மேலே கண்ணாடி மாதிரி சாயம் அடித்துவிட்டு, அடியில் பிஸ்கட் மாதிரி நொறுங்கும் காடியை ஓட்டிக்கொண்டு போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நானே அப்படி ஒருத்தன்தான். என் பழைய டட்சன் 120ஒய் காடியை ஒரு கடையில் விட்டேன். பெயர் வேண்டாம். இரண்டு வாரத்தில் கொடுத்தார்கள், அழகாக இருந்தது, விலையும் மலிவு. பதினோராவது மாதம், பழைய இடத்திலேயே, பழைய கொப்புளமே. கத்தி முனையால் கிளறினால் சாயம், அதற்கடியில் விரல் கனத்துக்குச் சிமென், அதற்கும் அடியில் கம்பி வலை. தகடே இல்லை. நான் அந்தக் கடையில் கேட்டது சாயம். அவர்கள் கொடுத்ததும் சாயம். சண்டை போட எனக்கு வார்த்தை இருக்கவில்லை.

சிமென் என்றதும் ஆசிரியர் விழித்தார். கட்டடச் சிமென்ட் இல்லை. பாலியெஸ்டர் பிசினில் டால்க் மாவு கலந்த பூச்சு. தமிழ்நாட்டில் “பட்டி” என்பார்கள். கெட்டிப்படுத்தும் குழம்பைச் சேர்த்ததும் சில நிமிடத்தில் இறுகிவிடும். அது கெட்ட பொருள் இல்லை. நல்ல தகட்டின்மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் மேடுபள்ளம் நிரப்ப அதைவிட வசதியானது கிடையாது. ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும். திறந்த சிமெனைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால், அல்லது பிரைமர் போடாமல் மழைக்காலத்தில் இரண்டு நாள் நிறுத்தினால், குடித்த தண்ணீரோடு அதன்மேல் சாயம் ஏறிவிடும். பிறகு வெயிலில் நிற்கும்போது அந்த ஈரம் வெளியேற வழி தேடும்.

அந்தக் காலத்தில் சிமென் கிடையாது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த கலவையை உருக்கி, மரத்துடுப்பால் வழித்து நிரப்புவார்கள். பழைய காடியைச் சுரண்டும்போது அந்தச் சாம்பல் நிற ஈயம் இன்னும் தென்படும். தகட்டோடு ஒட்டிய உலோகம் என்பதால் அது தண்ணீர் குடிக்காது. அதன் தூசு நம் நுரையீரலுக்குள் போவதுதான் ஆபத்து. பழைய சாயத்திலும் ஈயம் இருக்கும். அதனால் பழைய சாயத்தை வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் ஓடும் இடத்தில் உலர்வாகத் தேய்க்காதீர்கள் என்று ஆசிரியரிடம் அழுத்திச் சொன்னேன்.

சரி, தகடு போன இடத்துக்கு வேறு வழி? வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பதுதான். மோரிஸ் மைனர் வைத்திருப்பவர் இதில் கொடுத்து வைத்தவர். சில், தரை, மட்கார்டு என்று எல்லாமே புதிதாகக் கிடைக்கும். அதில் ஒரு கதை உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மோரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேர் என்பவர், 1990களின் தொடக்கத்தில் இந்தக் காடியின் தகடுகளையும் உதிரிகளையும் இலங்கையில் செய்விக்க ஏற்பாடு செய்தார். இலங்கைச் சாலைகளில் மோரிஸ் மைனர் அன்றாட வண்டியாக ஓடிக்கொண்டிருந்தது, அதைத் தட்டி நிமிர்த்தத் தெரிந்த கைகளும் அங்கே இருந்தன. ஆங்கிலேயன் விற்ற காடிக்கு ஆசியக் கை தகடு செய்து ஆங்கிலேயனுக்கே அனுப்பியது என்பதில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி.

நம்மிடமும் அந்தக் கை இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். 1960களின் பிற்பகுதியில் தம்போயில் காடி ஒட்டும் ஆலை வந்தது. பெட்டியில் துண்டு துண்டாக வந்த உடம்பை இங்கேதான் பற்றவைத்தார்கள், இங்கேதான் சாயம் அடித்தார்கள். அந்தக் காலத்துக் காடி வைத்திருக்கும் ஜொகூர்க்காரர் “ஒரிஜினல் பாக்டரி சாயம்” என்று பெருமையாகச் சொன்னால், அது கடலுக்கு அப்பால் எங்கோ நடந்த வேலையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை; ஸ்கூடாய் போகிற வழியில் நடந்த வேலையாகவும் இருக்கலாம்.

சில்லை வெட்டும்போது மட்டும் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உடம்பே எலும்பு என்றேன் அல்லவா? எலும்பை வெட்டினால் உடம்பு தொய்யும். வெட்டுவதற்கு முன்பே கதவு வாசலில் குறுக்கே இரும்புக் கம்பி வைத்துப் பற்றவைத்து இறுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் புதுச் சில் பொருத்தி முடித்த பிறகு கதவு மூடாது. பிறகு என்ன தட்டினாலும் அந்தக் கதவு வழிக்கு வராது. கடைக்குப் போகும்போது தவுக்கேயிடம் “என்ன பிராண்ட் சாயம் போடுவீங்க?” என்று கேட்காதீர்கள். “சில் வெட்டும்போது கதவு வாசலுக்கு முட்டுக் கொடுப்பீங்களா?” என்று கேளுங்கள். பதில் வருவதற்கு முன்பே அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தகடு முடிந்து, பிரைமர் ஏறியதும் ஒரு வேடிக்கையான வேலை இருக்கிறது. மங்கலான பிரைமர்மேல் கறுப்புச் சாயத்தைத் தூறல் மாதிரி லேசாகத் தூவுவார்கள். பிறகு நீளக் கட்டையில் உப்புத்தாள் சுற்றித் தேய்ப்பார்கள். மேட்டில் கறுப்பு உடனே போய்விடும், பள்ளத்தில் புள்ளி புள்ளியாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளத்தைக் கறுப்பு காட்டிக்கொடுத்துவிடும். கறுப்பு எங்கும் ஒரே சீராகப் போகும்வரை திரும்பத் திரும்பத் தேய்ப்பதுதான் கெத்தோக் கடையின் உண்மையான உழைப்பு. ஆளைப் பிடிக்கும் வேலை, நாளைப் பிடிக்கும் வேலை, கைப்பேசியில் படம் எடுத்தால் ஒன்றும் தெரியாத வேலை. அவசரக் கடை இதைத்தான் முதலில் வெட்டும்.

அதற்குப் பிறகுதான் சாயம். ஒருகாலத்தில் காடிக்குச் சாயம் காயவே வாரக்கணக்கில் ஆகும். அமெரிக்காவின் டூபாண்ட் கொம்பனி 1920களில் “டூகோ” என்ற நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரைக் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் கொம்பனியின் ஓக்லண்ட் காடிகளில் அது முதலில் நீல நிறத்தில் ஏறியது. வாரங்கள் நாள்களாகச் சுருங்கின. தமிழ்நாட்டில் இன்றைக்கும் மர அலமாரிக்குக்கூட “டூகோ அடிச்சது” என்கிறார்களே, அந்தப் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

லேக்கருக்கு ஜொகூரில் ஓர் எதிரி உண்டு. மறுபடியும் தண்ணீர்தான். தின்னர் ஆவியாகும்போது தகட்டின் சூட்டை உறிஞ்சிக்கொண்டு போகும். கையில் ஸ்பிரிட் பட்டால் குளிர்கிறதே, அதுபோல. நம் ஊரில் 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள பகலில், பரப்பு 26 டிகிரிக்கு இறங்கினாலே காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனியாகப் படிந்துவிடும். நான்கு டிகிரிதான் இடைவெளி. சாயம் பால் ஊற்றியதுபோல வெளுத்துப்போகும். அதனால்தான் அனுபவசாலிகள் மழை வரும் மாலையில் ஸ்ப்ரே துப்பாக்கியைத் தொடமாட்டார்கள். மெதுவாக ஆவியாகும் தின்னரைத் தேர்ந்தெடுப்பார்கள்.

இப்போது பெரும்பாலும் “டூ-கே” சாயம். சாயமும் கெட்டிப்படுத்தும் திரவமும் அடிக்கும்போது கலந்து, வேதிமாற்றத்தால் இறுகும். லேக்கரைவிட உறுதியானது. ஆனால் அந்தக் கெட்டிப்படுத்தி ஐசோசயனேட் வகை. தண்ணீர் பட்டால் கரியமில வாயுவைக் கக்கும், சாயத்தில் ஊசித்துளை விழும். காற்றழுத்தக் கருவியின் தொட்டிக்குள் நம் ஊர்க் காற்று எவ்வளவு தண்ணீரை விட்டுவிட்டுப் போகிறது என்று பார்க்க வேண்டுமானால், காலையில் அடியிலுள்ள குழாயைத் திறந்து பாருங்கள். அதை அன்றாடம் வடிக்காத கடையில் காடியை விடாதீர்கள். இந்த ஐசோசயனேட் மனிதருக்கும் ஆகாது. மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் போதும். துணி முகமூடி எதற்கும் உதவாது. வெளியிலிருந்து குழாய் வழியாகக் காற்று வரும் முகமூடி வேண்டும். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு டூ-கே அடிக்கும் பையனைப் பார்த்தால், எனக்கு அந்தக் கடையின் மலிவு விலை பிடிக்காமல் போய்விடுகிறது.

“நிறம்? வெள்ளை போட்டுரலாமா அங்கிள், கல்யாணத்துக்கு வாடகைக்கு விடலாம்” என்றார் ஆசிரியர்.

தாத்தாவின் காடி என்ன நிறம் என்று கேட்டேன். சாம்பல் மாதிரி, பச்சை மாதிரி, தெரியவில்லை என்றார். டேஷ்போர்டுக்கு அடியிலும் டிக்கிக்குள் விரிப்புக்குக் கீழேயும் பாருங்கள், வெயில் படாத இடத்தில் உண்மை நிறம் ஒளிந்திருக்கும் என்றேன். மோரிஸ் மைனர் பத்து லட்சமாவது காடியை எட்டியபோது, அதைக் கொண்டாட 350 காடிகளை மட்டும் வெளிர் ஊதா நிறத்தில் விட்டார்கள். அதிலொன்றுக்கு வெள்ளை அடித்துவிட்டேன் என்று எவராவது வந்து சொன்னால் எனக்கு அழுகை வரும். தாத்தாவின் காடி அதுவாக இருக்காது. இருந்தாலும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் அல்லவா? நிறத்தை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யில் பதிவையும் மாற்ற வேண்டும், அதையும் சொல்லி வைத்தேன்.

இன்னொன்றும் சொன்னேன், அது அவருக்குப் பிடிக்கவில்லை. முழுக் காடிக்கும் சாயம் அடிக்க வேண்டியிராமலும் இருக்கலாம். ஈரத்துணியில் மெருகேற்றும் காம்பவுண்ட் கொஞ்சம் வைத்து ஒரு மூலையைத் தேயுங்கள். துணியில் காடியின் நிறம் இறங்கினால், மேலே கிளியர் எனும் நிறமற்ற பூச்சு இல்லாத பழைய சாயம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். துருப்பிடித்த இடத்தை மட்டும் வெட்டித் தைத்துவிட்டு மற்றதை மெருகேற்றினால், தாத்தா துடைத்த அதே சாயத்தை இவரும் துடைக்கலாம்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். சில்லுக்கு அடியிலும் கதவின் கீழ் ஓரத்திலும் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. சாயம் அடிக்கும் ஆவலில், சிமெனாலும் அடிப்பூச்சாலும் இவற்றை அடைத்துவிடுவது வழக்கமான தவறு. காடியை வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காமல் குனிந்து ஒரு கம்பியால் ஓட்டைகளைக் குத்திப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, வெளியே பெருமழை பிடித்துக்கொண்டது.

கடை வாசலில் நின்ற என் டட்சனைக் காட்டினேன். இரண்டாவது முறை, வேறொரு கடையில், ஏழு மாதம் கிடந்து வந்தது. ஆசிரியர் மழையில் நனைந்தபடி குனிந்து கதவுக்குக் கீழே எட்டிப் பார்த்தார். சில்லின் பின்முனையிலிருந்து மெல்லிய நூலாய்த் தண்ணீர் சாலையில் வடிந்துகொண்டிருந்தது. “ஒழுகுதே அங்கிள்!” என்று கத்தினார். ஒழுகட்டும் என்று கையைக் காட்டினேன்.