உடற்கூறாய்வு அறிக்கையைப் பெறும் உரிமை

சந்தேகத்துக்குரிய மரணங்களில் உடற்கூறாய்வு (பிரேதப் பரிசோதனை) செய்யக் கோருவது காவல்துறை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவும் இதற்கு வழிசெய்கின்றன. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் இறப்பவர்களின் உடல் பெரும்பாலும் அரசு ஸ்டான்லி மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறது.

மருத்துவர் அறிக்கையை விசாரணை அதிகாரிக்கே அளிப்பார். எனவே குடும்பத்தினர் காவல் நிலையத்தையே அணுக வேண்டியுள்ளது. உள்ளுறுப்புகள் மயிலாப்பூரிலுள்ள தடய அறிவியல் துறைக்கு அனுப்பப்பட்டிருந்தால், அந்த முடிவு வரும்வரை இறுதிக் கருத்து நிலுவையில் இருக்கும். தொழிற்சாலையிலோ துறைமுகத்திலோ இறந்த தொழிலாளியின் குடும்பம் இழப்பீடு கோரவும் இந்த அறிக்கை தேவைப்படும் என்பதால் தாமதம் சிறிய விஷயமல்ல.

காவலில் நேரும் மரணங்களில் நிலை தெளிவானது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2020 டிசம்பர் 2 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, ஆய்வு முழுவதும் காணொளியாகப் பதிவாக வேண்டும். அறிக்கையின் நகலும் காணொளியும் குடும்பத்துக்குத் தரப்பட வேண்டும். உயர் நீதிமன்றத்தை நாடப்போவதாக அவர்கள் எழுதிக் கொடுத்தால், உடலை 48 மணி நேரமாவது பாதுகாக்க வேண்டும்.

பிற வழக்குகளில் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் விண்ணப்பிக்கலாம். விசாரணைக்கு இடையூறாகும் தகவலை மறுக்க 8(1)(எச்) பிரிவு இடமளிக்கிறது. ஆனால் விசாரணை நடப்பது மட்டுமே மறுப்புக்குப் போதிய காரணமாகாது என டெல்லி உயர் நீதிமன்றம் 2007-இல் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு, குற்றப்பத்திரிகையுடன் தாக்கலாகும் ஆவணங்களின் நகல்களோடு இதுவும் இலவசமாகக் கிடைக்கும்.